ஆணி அடித்தால் கால் ஒட்டுமா?

நம் கடைகளில் எந்தச் சரக்கு தீர்ந்தாலும் தீரும். கால் ஆடும் ஸ்டூல் ஒன்று மட்டும் தீராது. மூட்டில் இரண்டு மூன்று ஆணி, அதன்மேல் சணல் கயிற்றால் ஒரு சுற்று, காலடியில் மடித்து வைத்த அட்டைத் துண்டு. இந்த அலங்காரத்தோடு ஏதோ ஒரு மூலையில் அது நின்றுகொண்டிருக்கும். "நாளைக்கு ஆசாரியைக் கூப்பிட வேண்டும்" என்று நாமும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்போம். தராசுக்கு முத்திரை போடும் தேதி நமக்கு மறப்பதில்லை. உரிமம் புதுப்பிக்கும் தேதி மறப்பதில்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலின் கால் மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறது.

மர ஸ்டூல், பெஞ்சு, மேசை ஆகியவற்றின் கால் உடைந்தால் எதைச் செப்பனிடலாம், எப்படிச் செப்பனிடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை இக்கட்டுரையில் எழுதுகிறோம். இதை எழுத நமக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், உண்டு. தவறு செய்து கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

எங்கள் கடையில் நடந்தது

மாதத்தின் முதல் வாரம். சிட்டைகள் வரிசையாக வந்து குவியும் நேரம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்களிடமே மளிகை வாங்கும் ஆச்சி ஒருவர் சிட்டையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். வயதானவர் நிற்கிறாரே என்று கடைப் பையன் நல்லெண்ணத்தோடு மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துத் துடைத்து, "உக்காருங்க ஆச்சி" என்று போட்டான்.

அந்த ஸ்டூலின் கால் அதற்கு இரண்டு மாதம் முன்பு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. நாங்களே மூன்று அங்குல ஆணி இரண்டை அடித்து, ஆசாரி வரும் வரை இருக்கட்டும் என்று மூலையில் வைத்திருந்தோம். யாரும் அதில் உட்காரக்கூடாது என்று எங்களுக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. ஆச்சிக்கும் தெரியாது.

உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கால் இரண்டாகப் பிளந்து ஸ்டூல் சாய்ந்தது. ஆச்சி வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். பார்க்கப் போனபோது அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஸ்டூலும் பழசு, நானும் பழசு, விடுங்கப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதச் சிட்டை பேரன் கையெழுத்தில் வந்தது.

பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டோம். உடைந்த காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அண்ணாச்சி, மொதல்ல விட்ட விரிசல் ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் பசை, ஒரு கட்டு, ஒரு நாள் பொறுமை, அவ்வளவுதான். காலை ஒடச்சது நீங்க அடிச்ச ஆணி."

ஆணி ஏன் கைவிடுகிறது?

மரம் என்பது நீளமான நார்களின் கட்டு. ஒரு துடைப்பக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளை நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது எளிது. மரமும் அப்படித்தான். நார் ஓடும் திசையில் இழுத்தால் தாங்கும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட, நார்களைப் பக்கவாட்டில் பிரிக்கும்போது தாங்காது. விறகை நாம் குறுக்கே வெட்டாமல் நெடுக்கே பிளப்பது இதனால்தான்.

ஏற்கெனவே விரிசல் விட்ட காலில் ஆணி அடித்தால், அந்த ஆணி ஆப்பாக வேலை செய்கிறது. நார்களை இன்னும் விலக்குகிறது. வெளியே பார்க்க இறுக்கமாகத் தெரியும். உள்ளே விரிசல் நீண்டிருக்கும். இதோடு மளிகைக் கடைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. உப்பு மூட்டை, வெல்லம், நாள்தோறும் கழுவும் தரை என்று நம் கடையில் ஈரத்துக்குக் குறைவில்லை. இரும்பு ஆணி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணியைச் சுற்றியுள்ள மரம் கறுத்து நைந்து போகும். ஓராண்டு கழித்துப் பிடுங்கினால் ஆணி கையோடு வந்துவிடும். அதுவரை அதை நம்பித்தான் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் எந்த வகை உடைப்பு என்று பாருங்கள்

கால் உடைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் நான்கு வகை உண்டு. வகைக்கு ஏற்பத்தான் வைத்தியம்.

ஒன்று, மூட்டு கழன்றது. காலின் தலைப்பில் செதுக்கிய நாக்கு, பலகையிலோ சட்டத்திலோ குடைந்த துளைக்குள் உட்கார்ந்திருக்கும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும்; கோடையில் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம். குறுக்குவாக்கில் அதைப்போல் பல மடங்கு. ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, பழைய பசை விட்டுப்போய் நாக்கு துளைக்குள் ஆடத் தொடங்குகிறது. கடைகளில் நாம் பார்க்கும் ஆட்டத்தில் பெரும்பாலானது இதுதான். மரம் உடையவே இல்லை, எளிதில் சரிசெய்யலாம்.

இரண்டு, நீளவாக்கில் பிளந்தது. எங்கள் ஸ்டூலுக்கு நேர்ந்தது இதுதான். நார்கள் அறுபடாமல் பிரிந்து மட்டும் நிற்பதால், பசைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒழுங்காக ஒட்டினால் ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில்தான் அடுத்த முறை மரம் பிளக்கும்.

மூன்று, குறுக்கே முறிந்தது. நார்கள் அறுந்துவிட்டன. அறுந்த முனைகளில் பசை தடவினால் முனை அதைக் குடித்துவிடும், பிடிப்பு இராது. முறிவைச் சாய்வாகச் சீவி, அதே மரத்தில் புதுத் துண்டைச் சேர்த்து ஒட்ட வேண்டும். காலின் கனம் ஓர் அங்குலம் என்றால் சாய்வின் நீளம் எட்டு அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது தச்சுக் கணக்கு. இது ஆசாரியின் வேலை. நாம் கை வைக்க வேண்டியதில்லை. பல சமயங்களில் புதுக் கால் போடுவதே சிக்கனம்.

நான்கு, உளுத்துப் போனது அல்லது அழுகியது. காலடியில் மாவுபோல் தூள் கொட்டினாலோ, ஊசிமுனைத் துளைகள் தெரிந்தாலோ, திருப்புளியால் குத்தினால் மெத்தென்று இறங்கினாலோ, பசையும் பணமும் வீண். அந்தக் காலை மாற்றுங்கள். வண்டோ கரையானோ மற்ற கால்களுக்கும், பக்கத்து அலமாரிக்கும் பரவியிருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

பசையைப் பற்றிச் சில வார்த்தைகள்

முன்பெல்லாம் ஆசாரிமார்கள் மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். இன்று கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட் என்ற பொருளால் ஆனது. 1912-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே என்பவர் இதைக் கண்டறிந்தார். நம் நாட்டில் 1959-இல் வந்த ஃபெவிகால் இவ்வகைப் பசையை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. நம்மில் பலர் அதை விற்கவும் செய்கிறோம். விற்கிற பொருளின் குணம் தெரிந்தால் வாங்க வருபவருக்கும் சொல்லலாம்.

வெள்ளைப் பசைக்கு நான்கு நிபந்தனைகள். முதலாவது, மரம் மரத்தைத் தொட வேண்டும். இடைவெளியை நிரப்பும் வேலைக்கு அது ஆகாது. இரண்டாவது, காயும்வரை அழுத்தம் வேண்டும். மூன்றாவது, பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது; சுரண்டி எடுத்துவிட்டு மரத்தின் உடம்பு தெரிந்த பிறகே தடவ வேண்டும். நான்காவது, தண்ணீரில் நனைந்துகொண்டே இருந்தால் பிடி தளரும்.

இடைவெளி இருக்கும் இடத்துக்கும், அடிக்கடி நனையும் காலடிக்கும் இரண்டு குழாய்களில் வரும் அரால்டைட் போன்ற பசை ஏற்றது. இரண்டையும் பெட்டியில் சொல்லியபடி சம அளவில் கலக்க வேண்டும். ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது தவறு. சரியாக இறுகாமலே போய்விடும்.

எண்ணெய்க் கடைக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலின் கால் எண்ணெய் குடித்திருக்கும். அதில் எந்தப் பசையும் பிடிக்காது. தின்னர் நனைத்த துணியால் பலமுறை துடைத்து, காயவிட்டு, மேல் மரத்தை லேசாகச் சீவிய பின்பே ஒட்ட வேண்டும். தேக்குக்கு இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. அதையும் ஒட்டுவதற்குச் சற்று முன் ஒருமுறை துடைப்பது நல்லது. தின்னர் தீப்பிடிக்கும் பொருள். சாம்பிராணி, ஊதுபத்தி அணைந்த பிறகு, கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பிளந்த காலை ஒட்டும் முறை

ஆசாரி எங்கள் கடையில் இன்னொரு பெஞ்சின் காலை எங்கள் கண் முன்னால் ஒட்டிக் காட்டினார். அந்த வரிசையிலேயே தருகிறோம்.

முதலில் பழைய ஆணி இருந்தால் மெதுவாகப் பிடுங்குங்கள். விரிசலுக்குள் இருக்கும் தூசியை ஊதியும், பழைய பல்தேய்ப்பான் கொண்டும் எடுத்துவிடுங்கள். தொங்கும் சிலாம்புகளை வெட்டி எறியாதீர்கள். ஒட்டும்போது அவை தத்தம் இடத்தில் போய் உட்காரும்.

பசை தடவாமல் ஒருமுறை சேர்த்து அழுத்திப் பாருங்கள். வாய் முழுவதும் மூடுகிறதா? மூடாவிட்டால் உள்ளே ஏதோ தடுக்கிறது. அதை எடுக்காமல் பசை போடுவதில் பயனில்லை.

பிறகு இரு பக்கமும் படும்படி பசையை உள்ளே செலுத்துங்கள். வாய் குறுகலாக இருந்தால் ஊசியில்லாத சிரிஞ்சு நல்ல கருவி. அல்லது விரிசலை மெல்ல விரித்து, தடித்த காகிதத்தை உள்ளே விட்டுப் பசையைத் தள்ளலாம்.

அடுத்தது அழுத்தம். ஆசாரியிடம் கிளாம்ப் இருக்கும். நம்மிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, நன்றாக இழுத்து இழுத்துக் காலைச் சுற்றிக் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் அழுத்தத்தோடு சேரும். உருண்டைக் கால், கடைசல் கால் ஆகியவற்றுக்குக் கிளாம்பைவிட டியூபே வாகானது. பசை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முதலில் ஒரு பாலிதீன் தாளைச் சுற்றுங்கள். விரிசலின் ஓரத்தில் முத்து முத்தாகப் பசை பிதுங்கினால் அழுத்தம் போதும் என்று பொருள். பிதுங்கியதை ஈரத்துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள்.

இருபத்து நான்கு மணி நேரம் தொடாதீர்கள். இந்த ஒரு நாள்தான் நம் வணிகர்களுக்கு மிகக் கடினமான பகுதி. பசை ஒரு மணி நேரத்தில் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும்.

மூட்டு கழன்ற காலுக்கும் இதே ஒழுங்குதான். கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, நாக்கு துளைக்குள் தொளதொள என்று இருந்தால் இழைப்புளியில் வந்த மெல்லிய சுருள் ஒன்றை நாக்கின் மேல் ஒட்டிப் பருமனாக்கி, பிறகு இறுக்கமாகச் செருக வேண்டும். துளையில் மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்புவது நம்மிடையே வழக்கம். அது கண்ணுக்கு அடைப்பு, பாரத்துக்கு அல்ல.

பசை காயும் முன்பே ஸ்டூலைச் சமதரையில் நிறுத்தி, எதிரெதிர்க் கால்களுக்கு இடையே உள்ள குறுக்களவு இரண்டையும் கயிற்றால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோணல் இல்லை. காய்ந்த பிறகு கோணலைத் திருத்த முடியாது.

சோதிக்காமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்

நம் கடையில் எடைக்கா பஞ்சம்? 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் நூறு கிலோ. ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மேலிருப்பதைப் பிடித்துக்கொண்டு லேசாக அசைத்துப் பாருங்கள். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, ஒட்டிய இடத்தில் கோடு விரியவில்லை என்றால் அதன்பின் நீங்கள் உட்காருங்கள். கடைசியில்தான் வாடிக்கையாளர்.

இன்னொன்று முக்கியம். செப்பனிட வேண்டிய ஸ்டூலை நிமிர்த்தி வைக்காதீர்கள். கவிழ்த்து, கால்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, முடிந்தால் பரணில் போட்டுவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் ஸ்டூலைப் பார்த்தால் யாராவது உட்காரத்தான் செய்வார்கள். அன்று எங்கள் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்திருந்தால் ஆச்சியின் கை முறிந்திருக்காது.

பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். கால் வெடித்த பிளாஸ்டிக் நாற்காலிக்குச் செப்பம் என்பதே கிடையாது. சூடு காட்டி ஒட்டியதையும், கம்பி கட்டியதையும் நம்பி ஒருவரை உட்கார வைக்க வேண்டாம். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்.

தராசு மேசையின் கால்

ஸ்டூலைவிட நம் வியாபாரத்தை நேராகத் தொடுவது தராசு இருக்கும் மேசை. அதன் கால் ஆடினால் மின்னணுத் தராசில் எண் நிலைக்காமல் ஓடும். வாடிக்கையாளரின் கண் அந்த எண்ணில்தான் இருக்கிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி முத்திரை போட்ட தராசுதான் என்றாலும், எண் ஓடினால் அவர் மனத்தில் ஐயம் ஓடும்.

சாய்வில் நட்டம் யாருக்கு என்பதையும் கேளுங்கள். தராசு சாய்ந்திருந்தால் தட்டிலுள்ள பாரம் முழுவதும் நேர்கீழாக உணர்கருவியில் இறங்குவதில்லை. 5 பாகை சாய்வில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிராம் குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டினால் நாம் கூட அள்ளிப் போடுவோம். அவ்வளவு சாய்வு கண்ணுக்கே தெரிந்துவிடும். குறைந்த சாய்வில் நட்டமும் குறைவுதான். ஆனாலும் தராசில் உள்ள சமமட்டக் குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்கிறதா என்று காலையில் கடை திறந்ததும் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மேசை ஆடுகிறது என்றவுடன் நீளமான காலை அறுக்க ரம்பத்தை எடுக்காதீர்கள். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது பழமொழி. மேசை விஷயத்தில் பல சமயம் கூடமே கோணலாகத்தான் இருக்கிறது! சதுர மேசையை இருக்கும் இடத்திலேயே கால்வட்டத்துக்குள் மெல்லத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு கால்களும் ஊன்றும் நிலை ஒன்று கிடைத்துவிடும். கிடைத்தால் குறை தரையில்தான், மேசையில் இல்லை. அங்கேயே வைத்துவிட்டு, தராசின் திருகு கால்களால் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துகொள்ளலாம்.

வருமுன் காக்க

கால் உடைவதற்கு முதற்காரணம் இழுப்பது. ஸ்டூலின் கால் நீளம் 18 அங்குலம், துளைக்குள் இருக்கும் நாக்கு ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலடி தரையில் தட்டி இழுபடும்போது கால் நெம்புகோலாகிவிடும். அடியில் விழும் விசை மூட்டில் பன்னிரண்டு மடங்கு வரை பெருகும். ஆகவே பையன்களிடம் சொல்லும் வாசகம் ஒன்றே: இழுக்காதே, தூக்கு.

தரை கழுவும்போது மர சாமான்களைத் தூக்கி வையுங்கள். காலடியில் ரப்பர் புஷ் போடுங்கள். அதற்குள் தண்ணீர் தேங்கினால் கழற்றிக் காயவிடுங்கள். உப்பு மூட்டையை மரக் காலோடு ஒட்டி அடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை இருப்புக் கணக்கு எடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு ஸ்டூலையும் பெஞ்சையும் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள். ஆடத் தொடங்கியவுடன் ஒட்டினால் பசைச் செலவு. உடைந்த பிறகு என்றால் ஆசாரிச் செலவு. அதற்கும் பிறகு என்றால் ஆஸ்பத்திரிச் செலவு.

எங்கள் பழைய ஸ்டூலுக்கு ஆசாரி வேங்கையில் புதுக் கால் போட்டுக் கொடுத்தார். ஆச்சி இப்போதும் மாதம் தவறாமல் வருகிறார். சிட்டை மீண்டும் அவர் கையெழுத்திலேயே வருகிறது. அவருக்கு ஸ்டூல் போடுவதற்கு முன் எங்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து எழுந்த பிறகே போடுகிறோம். "இன்னுமா பயம்?" என்று அவர் கேலி செய்வார். ஆமாம், இன்னும்தான்.

கடைக்கு வந்தவரை "உட்காருங்கள்" என்று சொல்வது நம் மரபு. அந்தச் சொல்லுக்கு நான்கு கால்கள் உண்டு. இந்த இதழைக் கீழே வைத்ததும் எழுந்து போய் உங்கள் கடையின் மூலையில் நிற்கும் ஸ்டூலை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். ஆடினால், முதலில் அதைக் கவிழ்த்து வையுங்கள்.